சுவர் வியர்ப்பதும் சுவர் கசிவதும் ஒன்றல்ல

சென்னையின் கடலோரப் பகுதியில் ஓர் அடுக்ககம். கீழ்வீட்டின் சிறிய அறை ஒன்றில் மேற்கூரை ஈரம் பூத்துக் கரும்புள்ளிகளாக மாறியிருக்கிறது. மேல்வீட்டுக் குளியலறைதான் கசிகிறது என்று கீழ்வீட்டார் முடிவுகட்ட, சங்கக் கூட்டத்தில் வாக்குவாதம் முற்றி, மேல்வீட்டார் குளியலறைத் தரையின் டைல்ஸை முழுவதுமாகப் பெயர்த்துப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ஈரம் போகவில்லை. பிறகு கீழ்வீட்டார் நீர்த்தடுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதுவும் உரிந்துவிடவே, பி.வி.சி. பலகைகளைப் பொருத்திக் கூரையை மறைத்துவிட்டார்கள். என்னை அழைத்தபோது பலகைக்குப் பின்னால் பூஞ்சை கம்பளம்போல் படர்ந்திருந்தது. குளியலறை பக்கத்தில்தான் இருந்தது. அந்தக் கூரைக்கு நேர் மேலே இருந்ததோ, இரவு முழுவதும் ஏ.சி.யை 18 டிகிரியில் ஓடவிடும் படுக்கையறை. கீழே, மழைக்காலம் என்பதால் ஜன்னலை அடைத்துவிட்டு அதே அறையில் துணி உலர்த்தி வந்திருக்கிறார்கள். எந்தக் குழாயும் உடையவில்லை, எந்தத் தளமும் ஒழுகவில்லை. அறைக் காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்த கான்கிரீட்டில் நீராகப் படிந்திருக்கிறது. இதற்காக ஒரு குளியலறை உடைக்கப்பட்டு, இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திவிட்டன. இதே கதையை ஒவ்வொரு மழைக்காலத்திலும் வெவ்வேறு வீடுகளில் பார்த்துச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

"நம் ஊர் வெக்கைக்குச் சுவர் எப்படி சார் வியர்க்கும்? அதெல்லாம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும்தானே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். தயவுசெய்து இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமான நீராவியை அது தாங்கும். 10 டிகிரியில் மூடுபனியோடு இருக்கும் ஊட்டிக் காற்றில், ஒரு கன மீட்டருக்கு 9 கிராம் அளவுக்கே நீராவி இருக்க முடியும். 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றில் அது ஏறத்தாழ 24 கிராம். அதாவது, குளிரில் நடுங்கும் மலையூர்க் காற்றைவிட நம் கடலோரக் காற்று இரண்டரை மடங்கு நீரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 26 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பு எதிர்ப்பட்டாலும் அதன்மேல் நீர் படியும். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும்போது பனிநிலை காற்றின் வெப்பநிலையை இன்னும் நெருங்கிவிடுகிறது. 26 டிகிரி என்பது குளிரே அல்ல என்று உங்கள் உடம்புக்குத் தோன்றலாம். சுவருக்கு அது போதும். பூஞ்சைக்கோ நீர் சொட்டவேண்டிய தேவைகூட இல்லை. பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் நின்றாலே அது முளைத்துவிடும்.

மலையூருக்கும் கடலோரத்துக்கும் இடையே இன்னொரு வேறுபாடு உண்டு. அதைக் கவனிக்காமல் அறிவுரை சொல்பவர்கள்தான் அதிகம். ஊட்டியில் வீட்டுக்குள் எழும் ஆவி, வெளிக்குளிரால் குளிர்ந்துபோன ஜன்னல் கண்ணாடியிலும் அலமாரிக்குப் பின்னாலுள்ள மூலையிலும் உட்புறமாகப் படிகிறது. அங்கே ஜன்னலைச் சற்றுத் திறந்துவைத்து ஆவியை வெளியேற்றுவது சரியான வழி. சென்னையிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் ஏ.சி. அறையின் மறுபக்கத்தில்தான், அதாவது குளிரூட்டாத பக்கத்துச் சுவரிலோ கீழ்வீட்டுக் கூரையிலோதான் நீர் படிகிறது. மழை நாளில் அங்கே ஜன்னலைத் திறந்துவைத்தால் மேலும் ஈரக்காற்றைத்தான் உள்ளே அழைக்கிறோம். குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகளை இங்கே அப்படியே பின்பற்றிச் சுவரைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர்.

எதையும் உடைப்பதற்கு முன்னால் ஒரு எளிய சோதனையைச் செய்துபாருங்கள். ஈரமான இடத்தைத் துடைத்து உலர்த்தி, ஓரடிச் சதுர அலுமினியத் தாளையோ தடித்த பிளாஸ்டிக் தாளையோ வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். மேல்வீட்டு ஏ.சி. வழக்கம்போல் ஓடட்டும். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையை நோக்கிய பக்கம், ஈரமானால் அது காற்றிலிருந்து வந்த நீர். தாளுக்கு அடியில் ஈரம் கட்டினால் அது சுவருக்கோ தளத்துக்கோ உள்ளேயிருந்து வருகிறது. ஈரமானி வைத்து எண்ணைக் காட்டி உங்களைப் பயமுறுத்துபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்தக் கருவி மின்கடத்தலை அளப்பது, சுவரில் உப்பு இருந்தாலும் அது ஈரம் என்றே காட்டும்.

காற்று நீர்தான் காரணம் என்று உறுதியானால், காற்றில் ஈரத்தைக் கூட்டுவதை முதலில் நிறுத்துங்கள். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீராவி உண்டாகிறது, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறத்தாழ 22 லிட்டர் நீர் உங்கள் வீட்டுக் காற்றில் கலந்திருக்கிறது. சோறு வடிப்பதிலும் குழம்பு கொதிப்பதிலும் எழும் ஆவி தனிக்கணக்கு. ஆகவே சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் மின்விசிறியை அலங்காரமாக வைக்காமல் ஓடவிடுங்கள். அது நேரே வெளியே தள்ளுகிறதா என்றும் பாருங்கள். மூடிய அறையில் துணி உலர்த்தாதீர்கள். ஏ.சி.யை 18 டிகிரியில் வைக்காதீர்கள். நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.க்களுக்கு 24 டிகிரியே இயல்பு அளவாக 2020 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது மின்சாரச் சிக்கனத்துக்காகத்தான் என்றாலும், உங்கள் அண்டைவீட்டுக் கூரைக்கும் அது நல்லது. சிறிய அறைக்குப் பெரிய ஏ.சி. வாங்குவதும் தவறு, அது அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடுவதால் ஈரத்தை உறிஞ்சப் போதிய நேரம் ஓடுவதில்லை. பீரோவையும் அலமாரியையும் நான்கு விரற்கடையாவது சுவரிலிருந்து தள்ளிவையுங்கள். ஏ.சி.யின் செம்புக் குழாயைச் சுற்றிய உறை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். கீழ்த்தளக் கூரையில் வெப்பக்காப்புப் பலகை ஒட்டுவதாக இருந்தால் இடைவெளி விடாமல் ஒட்டி இணைப்புகளை அடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பலகைக்குப் பின்னால் அதே பூஞ்சைதான்.

இனி உண்மையான ஓதம், அதாவது சுவருக்கு உள்ளேயிருந்தே வரும் ஈரம். தனி வீடுகளில் தரையிலிருந்து இடுப்பளவு உயரம்வரை ஒரே வரிசையாகப் பட்டை கட்டி, பட்டிப் பூச்சு உதிர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், மண்ணின் ஈரம் சுவரில் ஏறுகிறது என்று பொருள். சுவரின் அடிமட்டமான பேஸ்மட்டத்துக்கு மேல் போடவேண்டிய ஓதத் தடுப்பு அடுக்கைக் கட்டும்போதே விட்டுவிடுவது ஒரு காரணம். மற்றொன்று நகரங்களில் பெருகிவரும் காரணம்: பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதில் தெரு உயர்ந்து, வீட்டின் தரைமட்டம் தெருவுக்குக் கீழே போய்விட்டது. அந்தச் சுவரின் உட்புறத்தில் எந்தப் பெயிண்டை அடித்தாலும் நிற்காது. உலர வழியில்லாத நீர் இன்னும் மேலே ஏறும். பெயிண்டுக்குப் பின்னால் உப்பு படிகமாகிப் பூச்சையே தள்ளிவிடும். மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் உள்ள பழைய வீடுகளில், ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசியவர்கள், இடுப்பளவு இருந்த ஓதத்தைத் தலையளவுக்கு ஏற்றிவிட்டார்கள். வெளிப்புறத்தில் சுவரை ஒட்டிக் கொட்டியிருக்கும் மண்ணை அகற்றுங்கள், மழைநீர் சுவரைவிட்டு விலகி ஓட வழிசெய்யுங்கள், செங்கல் இணைப்பில் துளையிட்டுத் தடுப்பு மருந்து செலுத்தும் முறையை அனுபவமுள்ளவரைக் கொண்டு செய்யுங்கள், பிறகு உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்துச் சுவரைச் சில மாதங்களாவது உலரவிடுங்கள். "தீபாவளிக்குள் பெயிண்ட் அடித்தாக வேண்டும்" என்று அவசரப்படுத்துபவர்கள் அடுத்த ஆண்டும் அதே செலவைச் செய்கிறார்கள்.

ஓதத்தை நிறுத்திய பிறகும் மழை நாளில் மட்டும் சுவர் நசநசக்கிறது என்பார்கள். சுவரில் தங்கிய சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். உப்பேறிய பூச்சை முழுவதுமாக எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். கட்டும் நீரோடும் உப்பு வரலாம் என்பதால், புதிதாகக் கட்டுபவர்கள் ஆழ்குழாய் நீரைப் பரிசோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சொல்கிறது.

மொட்டைமாடிக்கும் குளியலறைக்கும் டைல்ஸ் பதிக்கும் முன்னால், நீர்த்தடுப்புப் பூச்சின்மேல் இரண்டு நாள் நீர் கட்டி நிறுத்திக் கீழே பாருங்கள். இதைச் செய்யாத ஒப்பந்தக்காரருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். அதன் வித்துகள் அறை முழுவதும் பறக்கும். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இளைப்பு நோய் உள்ள குழந்தையையோ முதியவரையோ அந்த அறையில் படுக்கவைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கூரையில் துருக்கறை தெரிந்தாலோ, கம்பியின் போக்கிலேயே விரிசல் ஓடினாலோ, காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தாலோ, கொத்தனாரை அழைத்துச் சிமென்ட் பூசி மூடாதீர்கள். அந்த அறையைக் காலிசெய்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரை அன்றைக்கே வரவழையுங்கள்.