கால்டெரா: எரிமலைக் கிடாரம்

மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்கள், கோயில் திருவிழா அன்னதானத்துக்கு அடுப்பேற்றும் பெரிய கிடாரத்தை நன்கு அறிவார்கள். எரிமலையின் உச்சி உள்ளே இடிந்து விழுவதால் உண்டாகும் பெரும்பள்ளத்தை நிலவியல் நூல்கள் ‘கால்டெரா’ என்று குறிக்கின்றன. அந்நிலவடிவத்தின் பெயரும் அப்படியொரு பாத்திரத்திலிருந்தே பிறந்தது.

சூட்டைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து தோன்றி, ஸ்பானிய மொழியில் கொதிகலம் என்று பொருள்பட்ட இச்சொல், கானரித் தீவுகளுள் ஒன்றான லா பால்மாவில் தபுரியந்தே என்னும் பெரும்பள்ளத்தின் பெயரோடு ஒட்டி வழங்கிவந்தது. 1815-இல் அத்தீவுகளை ஆராய்ந்த ஜெர்மானிய நிலவியலாளர் லியோபோல்டு வான் புக் அதனைக் கலைச்சொல்லாக்கினார். அந்தத் தபுரியந்தே பள்ளமோ, பெரும்பாலும் நிலச்சரிவாலும் நீரரிப்பாலும் உண்டானது என்பதே இன்றைய கருத்து. பெயர் தந்த பள்ளமே இலக்கணத்துக்கு வெளியே போய்விட்டது!

உண்மையான கால்டெரா எது என்பதற்கு அதே 1815 ஏப்ரலில் வெடித்த தம்போரா சான்றாகும். இந்தோனேசியாவின் சும்பாவா தீவில், சரிவுகளில் காடு போர்த்து ஒதுங்கி நிற்கும் இம்மலையின் அடியிலிருந்த கற்குழம்பு பெருமளவில் வெளியேறவே, தாங்குவாரற்ற உச்சி உள்ளே இடிந்து விழுந்தது. முன்பு 4,000 மீட்டருக்கு மேல் இருந்ததாகக் கணிக்கப்படும் மலை இன்று ஏறத்தாழ 2,850 மீட்டரே. உச்சியில் 6 கிலோமீட்டர் அகலப் பள்ளம் கிடக்கிறது. சுமத்ராவின் தோபா ஏரியும் ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த இத்தகைய இடிவில் தேங்கிய நீரே. அவ்வெடிப்பின் சாம்பல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கு வரை வந்து படிந்துள்ளது.

ஆகவே கால்டெராவைத் தமிழில் ‘பெருவாய்’ என்று பெயர்த்தல் எனக்கு உடன்பாடில்லை. வாய் என்பது கக்கும் துளை. ‘எரிமலைவாய்’ அதற்கே பொருந்தும். இதுவோ தரை உள்வாங்கிய பள்ளம். மலாயில் ‘காவா’ என்பது பெருஞ்சட்டியையும் எரிமலைவாயையும் ஒருங்கே குறிக்கிறது. தமிழிலும் பாத்திரப் பெயரே நன்று. கொப்பரை எனலாம் என்றால், தோட்டத்தில் அது உலர்ந்த தேங்காயை நினைவூட்டிவிடும். எஞ்சுவது கிடாரம், அதன் மறுவடிவம் கடாரம். ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் கெடாவின் பெயராக வரும் கடாரமும் இதே ஒலியுடையது. வடமொழிக் ‘கடாஹ’மும் அவ்வாறே கொப்பரையையும் கெடாவையும் சுட்டும். (இதை வைத்துக் கெடாவிலுள்ள குனோங் ஜெராய் மலையை எரிமலையாக்கிவிட வேண்டாம், அது எரிமலையன்று.) குழப்பம் நேராதிருக்க, ஊருக்குக் கடாரம் என்றும், நிலவடிவத்துக்கு எரிமலைக் கிடாரம் என்றும், தோபா போன்றவற்றுக்குக் கிடார ஏரி என்றும் எழுதலாம்.