மிடி கேபிளில் ஒலி ஓடுவதில்லை

ஆடி மாதம் முடிந்ததும் என் பழுதுபார்க்கும் மேசையில் கீபோர்டுகள் குவியும். மழையில் நனைந்தவை, வேனில் ஏற்றி இறக்கும்போது அடிபட்டவை என்று எல்லாம் வரும். அவற்றைச் சரிசெய்வதில் எனக்குச் சலிப்பே இல்லை. ஒரு பழுதும் இல்லாமல் வந்து சேர்பவைதான் என்னை வருத்துகின்றன.

போன வாரம் ஒரு மெல்லிசைக் குழுவின் இளைஞர் தன் சிந்தசைசரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மன் கோவில் கச்சேரியில் இரண்டாவது பாட்டின் நடுவே, வயலின் ஒலியில் ஒரு சுரம் அப்படியே பிடித்துக்கொண்டதாம். முன்பே பதிந்துவைத்த சுரங்களைத் தானாக வாசிக்க வைக்கும் சீக்வென்சரை நிறுத்தியும் அடங்கவில்லை. பதறிப்போய், இசைக்கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் மிடி கேபிளையே பிடுங்கியிருக்கிறார், அப்போதும் அடங்கவில்லை. கடைசியில் சிந்தசைசரை அணைத்துவிட்டார். அது மறுபடி உயிர்பெறும் வரை, பாவம், பாடகி தபேலாவை மட்டும் நம்பிப் பாடியிருக்கிறார். "அண்ணே, போர்டு போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்று பணத்தோடு நின்றார்.

இரண்டு மணி நேரம் சோதித்தேன். சிந்தசைசரில் ஒரு குறையும் இல்லை. கேபிள் பையைக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளே நான் அஞ்சியது இருந்தது: ஒரு முனையில் ஐந்து பின் பிளக்குகள் இரண்டு, மறுமுனையில் ஒன்று. சீக்வென்சரின் அவுட்டையும், அடித்து வாசிக்கும் ரிதம் பேடின் அவுட்டையும் யாரோ ஒன்றாகச் சால்டர் வைத்து, சிந்தசைசரின் இன் துளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது கேபிள் இது.

எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன். மிடி கேபிளில் ஒலி ஓடுவதில்லை. மைக் கேபிளில் போவது குரலின் மின் வடிவம். மிடியில் போவது வெறும் எண்கள். "60-ஆம் சுரத்தை 100 வேகத்தில் தொடங்கு" என்பது ஒரு கட்டளை (வேகம் என்பது கட்டையை அழுத்தும் வேகம்). "60-ஆம் சுரத்தை நிறுத்து" என்பது தனியாக இன்னொரு கட்டளை. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 கருவியையும் கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசிக்க, மற்றது தன் சொந்தக் குரலில் ஒலித்தது. அன்றும் கேபிளில் போனது கட்டளைதான், இன்றும் அதேதான்.

கல்யாண வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிவிட்டு, அணைக்கச் சொல்ல வேண்டிய ஆளை வாசலிலேயே தடுத்துவிட்டால் என்ன ஆகும்? கேபிளைப் பிடுங்கிய அந்த இளைஞர் செய்தது அதைத்தான். தொடங்கு என்ற கட்டளை ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. நிறுத்து என்ற கட்டளை வர இனி வழியே இல்லை. சில கருவிகள் 'ஆக்டிவ் சென்சிங்' என்ற குறியை இடைவிடாமல் அனுப்பும். அந்தக் குறி ஏறத்தாழ 300 மில்லிவினாடிக்கு மேல் வராமல்போனால் எதிர்க்கருவி தானே அடங்கும். எல்லாக் கருவிகளும் அதை அனுப்புவதில்லை, அதை நம்பி மேடையேறாதீர்கள்.

இரண்டு அவுட்களை ஒட்டவைப்பதும் இதே தவறான நினைப்பில் பிறந்ததுதான். இரண்டு ஒலிகள் கலந்தால் காதுக்கு இரண்டும் கேட்கும். இரண்டு எண்கள் ஒரே கம்பியில் மோதினால் இரண்டுமே அழியும். மிடியில் வினாடிக்கு 31,250 பிட்கள், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். ஒரு சுரத்தைத் தொடங்கும் கட்டளைக்கே சுமார் ஒரு மில்லிவினாடி ஆகிறது. அதற்குள் பேடின் அடி குறுக்கே விழுந்தால் கட்டளை சிதைந்துவிடும். சிதைந்தது நிறுத்தும் கட்டளையாக இருந்துவிட்டால் சுரம் அடங்காமல் பிடித்துக்கொள்ளும். இந்தக் கேபிள் சில கருவிகளில், ஒருவர் மட்டும் வாசிக்கும்போது ஒழுங்காக வேலை செய்வதுபோல் தோன்றும். இவர்களும் சவுண்ட் செக்கில் ஒவ்வொருவராகத்தான் வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டைச் சேர்க்க 'மெர்ஜர்' என்ற சிறு பெட்டி தேவை. ஒருவரின் கட்டளை முழுதாகப் போகும் வரை மற்றவருடையதை அது காக்க வைக்கும். ஒன்றைப் பலவாகப் பிரிப்பதற்கும் ஒட்டுக் கேபிள் கூடாது, 'த்ரூ' பெட்டி வாங்குங்கள்.

ஸ்பீக்கரில் உறுமல் வந்தாலும் முதல் பழி மிடிக்குத்தான். ஐந்து பின் மிடி இன் துளைக்குள் ஆப்டோ-ஐசோலேட்டர் இருக்கிறது. குறிகள் அதற்குள் ஒளியாகத் தாவுகின்றன, இரு கருவிகளின் கிரவுண்டும் (தரை இணைப்பும்) ஒட்டுவதே இல்லை. அவை ஒட்டும் இடத்தில்தான் உறுமல் பிறக்கும். யுஎஸ்பி கேபிளை முதலில் சந்தேகியுங்கள்.

தம்பிகளே, தங்கைகளே, கச்சேரிக்கு முன் இவற்றையாவது பார்த்துவிடுங்கள். டெம்போவுக்கு மேடையில் ஒரே ஒரு எஜமான்தான். மற்ற எல்லாம் அதன் தாளக் குறியைப் பின்பற்றும் 'எக்ஸ்டர்னல் கிளாக்' நிலையில் இருக்கட்டும். கால் நோட்டுக்கு 24 கிளாக் குறிகள் போகின்றன. பாட்டின் நடுவே கேபிளை ஆட்டிவிட்டால் தவறிப்போன குறிகள் திரும்பி வருவதில்லை, மறுபடி ஸ்டார்ட் கொடுக்கும் வரை தாளம் விலகியே நிற்கும். பேடுக்கும் சீக்வென்சருக்கும் வேறு வேறு சேனல் (கட்டளையோடு போகும் முகவரி எண்) வையுங்கள். பதினாறு இருக்கின்றன, எதற்காக எல்லோரும் ஒன்றிலேயே நெருக்குகிறீர்கள்? சிந்தசைசர் எல்லாச் சேனலையும் ஏற்கும் ஆம்னி நிலையில் இருந்தால் சேனல் பிரித்தும் பயனில்லை, பேடில் அடித்தால் வயலின் அழும். கீபோர்டின் கட்டளை சீக்வென்சருக்குப் போய்த் திரும்பி வருமானால், கட்டையை அதன் சொந்த ஒலியோடு நேரே இணைக்கும் 'லோக்கலை' அணையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை ஒலிக்கும். சிறிய ஸ்டீரியோ ஜாக்கில் மிடி வரும் கருவியா? அதன் கம்பி இணைப்பு ஏ வகையா, பி வகையா என்று கையேட்டைப் பார்த்துவிட்டுக் கேபிள் வாங்குங்கள். 2018-இல் ஏ வகை தரநிலையாகிவிட்டது, ஆனால் பி வகைக் கருவிகள் இன்னும் மேடைகளில் இருக்கின்றன. கேபிள் 15 மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

உங்கள் சீக்வென்சரில் எல்லாச் சுரங்களையும் அடக்கும் 'பேனிக்' பொத்தான் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வையுங்கள். பொத்தான் இல்லாவிட்டால் 'ஆல் நோட்ஸ் ஆஃப்' என்னும் 123-ஆம் கன்ட்ரோல் எண்ணை எப்படி அனுப்புவது என்றாவது எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சுரம் பிடித்துக்கொண்டால் மிக்சரில் அந்த வரிசையை இறக்கிவிட்டு அதை அழுத்துங்கள். கேபிளில் கை வைக்காதீர்கள்.

அந்த இளைஞரிடம் பணம் வாங்கவில்லை. மெர்ஜர் வாங்கி வந்ததும் அவரையும் பேட் வாசிப்பவரையும் என் மேசை எதிரில் உட்கார வைத்து, இருவரையும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் வாசிக்கச் சொன்னேன். ஒரு சுரமும் பிடித்துக்கொள்ளவில்லை. ஒட்டுக் கேபிளை அவர் கண்ணெதிரிலேயே வெட்டிப்போட்டேன்.