ஒரு ஃபிரேமுக்குள் இரண்டு கணங்கள்

இன்டர்லேஸ்டு முறையில் (ஒரு படத்தின் வரிகளை இரண்டு தவணையாகப் பதியும் முறை) எடுத்த வீடியோவைக் கணினியில் திறந்து, யாராவது ஓடும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். உடலின் ஓரங்கள் சீப்புப் பற்கள் போலப் பிளந்து நிற்கும். பலர் பதறிப்போய் உடனே டீஇன்டர்லேஸ் (பிரிந்த வரிகளை முழுப் படங்களாக மாற்றுவது) செய்துவிடுகிறார்கள். வீடியோ டிவிக்குப் போவதாக இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் ஒரு ஃபிரேமில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. கேமரா இவற்றை ஒரே மூச்சில் பதிவதில்லை. முதலில் ஒன்று விட்டு ஒன்றாக 288 வரிகள். அடுத்த 1/50 நொடியில், விட்டுப்போன 288 வரிகள். இந்தப் பாதிப் படம்தான் ஃபீல்டு. நொடிக்கு 25 ஃபிரேம், ஆனால் 50 ஃபீல்டு. 1936-இல் பிபிசி 405 வரிகளோடு ஒளிபரப்பைத் தொடங்கியபோதே இந்த உத்தி இருந்தது. அலைவரிசையில் கூடுதல் இடம் பிடிக்காமல் திரை மினுமினுப்பைக் குறைக்க அன்று வேறு வழி இல்லை.

கணினித் திரையோ இரண்டு ஃபீல்டையும் ஒன்றாகக் காட்டிவிடுகிறது. 720 பிக்சல் அகலத்தை ஒரு நொடியில் கடக்கும் பந்து, ஒரு ஃபீல்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 14 பிக்சல் நகர்ந்திருக்கும். சீப்புப் பல்லின் நீளம் அதுதான்.

எடிட்டிங்கில் உண்மையான ஆபத்து, எந்த ஃபீல்டு முதலில் என்ற வரிசை குலைவது. படத்தின் உச்சி வரியைக் கொண்டது மேல் ஃபீல்டு, மற்றது கீழ் ஃபீல்டு. DV எனும் டிஜிட்டல் வீடியோ கேமராவில் கீழ் ஃபீல்டு முதலில்; 1080i எனும் இன்டர்லேஸ்டு ஹெச்டியில் மேல் ஃபீல்டு முதலில். இரண்டையும் ஒரே டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் இடம்) கவனிக்காமல் போட்டால், நமது பந்து 0, 14, 29, 43 என்று போவதற்குப் பதில் 14, 0, 43, 29 என்று முன்னும் பின்னும் துள்ளும். கணினியில் இது தெரியவே தெரியாது. இரண்டு ஃபீல்டும் சேர்ந்தே வருவதால் எது முந்தியது என்று கண்ணுக்கு எப்படிப் புரியும்? அதனால் இன்டர்லேஸ்டு சிக்னலை ஏற்கும் டிவி ஒன்றை இணைத்துப் பார்ப்பதே நல்லது. முன்னோட்டத்தைப் பாதி அளவில் வைத்தால் சில மென்பொருள்கள் ஒரு ஃபீல்டை விட்டுவிடும். அப்போது சீப்புகூடத் தெரியாது.

வரிசையைக் குலைக்கப் பெரிய காரியம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. படத்தை ஒரே ஒரு வரி கீழே நகர்த்தினால் போதும், மேல் ஃபீல்டின் வரிகள் கீழ் ஃபீல்டின் இடத்துக்குப் போய்விடும். (தவறிய வரிசையைச் சரிசெய்யவும் இதே ஒரு வரி நகர்த்தல் உதவும்.) காட்சியைப் பின்னோக்கி ஓட்டினாலும், உயரத்தைச் சுருக்கினாலும் இதே கவலைதான். சுருக்கும்போது இரண்டு கணங்களின் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஃபீல்டுகளைத் தனித்தனியே பிரித்துக் கையாளும் மென்பொருளில் இந்தச் சிக்கல் எழாது. அந்த அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த புதிர், மேலே உருளும் பெயர்ப் பட்டியல். எழுத்து ஒவ்வொரு ஃபீல்டுக்கும் சரியாக ஒரு வரி ஏறினால் என்ன ஆகும்? முதல் ஃபீல்டு 2, 4, 6-ஆம் வரிகளைக் காட்டுகிறது. அடுத்தது 3, 5, 7-ஐக் காட்டும் நேரத்தில் எழுத்தும் ஒரு வரி ஏறியிருக்கும். ஆக, அங்கே வருவது எழுத்தின் 4, 6, 8-ஆம் வரிகள். ஒற்றைப்படை வரிகள் ஒருபோதும் திரைக்கு வருவதே இல்லை. எழுத்தில் பாதி காணாமல் போய், ஓரங்கள் படிக்கட்டாகின்றன. ஃபீல்டுக்கு இரண்டு வரி என்று வைத்தால் சரியாகிவிடும்: நொடிக்கு 100 வரி, முழு உயரத்தைக் கடக்க 5.76 நொடி.

ஒரு வரி மட்டுமே தடிமனுள்ள கிடைக்கோடு ஒரு ஃபீல்டில்தான் இருக்கும். எனவே குழாய் டிவியில் நொடிக்கு 25 முறை மின்னி மறையும். இரண்டு வரி தடிமனாக்கினால் அல்லது மேலும் கீழும் லேசாக மங்கலாக்கினால் அடங்கிவிடும்.

தட்டைத் திரை டிவிகள் டீஇன்டர்லேஸ் வேலையைத் தாங்களே செய்கின்றன, அதற்கு அவை நம்புவது கோப்பில் குறித்துள்ள ஃபீல்டு வரிசையை. ஆகவே டைம்லைன், ஏற்றுமதி அமைப்பு, டிஸ்க் மூன்றிலும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். இணையத்துக்கும் ஒரு பிரதி தேவையென்றால் எல்லா வேலையும் முடிந்தபின் தனியாக டீஇன்டர்லேஸ் செய்யுங்கள். அதையும் நொடிக்கு 50 ஃபிரேமாகச் செய்யுங்கள்; 25-ஆக்கினால் கேமரா பிடித்த அசைவில் பாதி போய்விடும்.