லண்டன்ல ஒரு மாதிரி, பாரிஸ்ல வேற மாதிரி: கறுப்பின மக்களோட மனநலம் பத்தி ஒரு சைக்கியாட்ரிஸ்ட் எழுதறது

கரீபியன் தீவுகள்ல இருந்து இங்கிலாந்து வந்து செட்டில் ஆன குடும்பங்கள்ல ஸ்கிட்சோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய், இங்க இருக்கிற வெள்ளைக்காரங்களை விட ரொம்ப அதிகம். லண்டன், நாட்டிங்ஹாம், பிரிஸ்டல் மூணு ஊர்லயும் சேர்த்து எடுத்த ஏசாப் ஆய்வோட முடிவு 2006ல வந்துச்சு, அதுல கரீபியன் வம்சாவளிக்காரங்களுக்கு கிட்டத்தட்ட 9 மடங்கு, ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்களுக்கு கிட்டத்தட்ட 6 மடங்கு. இதைச் சொன்னா நம்ம ஆளுங்க, படிச்ச டாக்டருங்க உட்பட, உடனே சொல்றது "அவங்க ஜீன் அப்படி" இல்லன்னா "கஞ்சா அடிப்பாங்க, அதான்". சரி, ஜீன்தான்னா ஜமைக்காவுலயும் அதே அளவு இருக்கணும்ல? 1990கள்ல ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ்னு மூணு இடத்துலயும் போய் எண்ணிப் பார்த்தாங்க, அங்க அப்படி ஒண்ணும் அதிகமா இல்ல. அதே தாத்தா பாட்டி வழி வந்த ஜனங்க, கடல் தாண்டி இங்க வந்து ரெண்டு தலைமுறை வாழ்ந்த பிறகுதான் இந்த நம்பர் இப்படி ஏறுது.

இன்னொண்ணு சொல்றேன், இது நான் வேலை பாக்கற சவுத் லண்டன் பக்கமே எடுத்தது. கேம்பர்வெல் ஏரியாவுல வார்டு வார்டா பிரிச்சுப் பார்த்து 2001ல ஒரு ஆய்வு வந்துச்சு. வெள்ளைக்காரங்க அல்லாத சிறுபான்மை மக்கள் நிறைய பேர் சேர்ந்து வாழற இடத்துல அவங்களுக்கு இந்த நோய் கம்மி, நாலஞ்சு குடும்பமா அங்கங்க சிதறிக் கிடக்கிற இடத்துல அதிகம். நம்மளை மாதிரி நாலு பேர் பக்கத்துல இருக்காங்களா, இது நம்ம இடம்னு மனசுக்குத் தோணுதாங்கிறது ஏதோ கவிதைல வர்ற ஏக்கம் மட்டும் கிடையாது, நோய்க்கணக்குல தெரியற விஷயம்.

பல வருஷமா நான் பாக்கற பேஷன்ட்ஸ்ல பாதிக்கு மேல கறுப்பின மக்கள்தான், ஜமைக்கா, நைஜீரியா, கானா, காங்கோ, பிரேசில், பாரிஸ்ல பிறந்து வளர்ந்தவங்கன்னு எல்லா இடத்துல இருந்தும் வர்றாங்க (கீழ சொல்ற ஆட்களோட விவரங்களை யாருன்னு தெரியாதபடி மாத்தியிருக்கேன்). இவங்ககிட்ட கேட்டுக் கேட்டு எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். ரேசிசம்னு நாம ஒரே பேர்ல சொல்றோம், ஆனா ஒவ்வொரு நாட்டுலயும் அது வேலை செய்யற விதம் வேற. ஒரு நாட்டு வழக்கத்துல வளர்ந்தவங்க இன்னொரு நாட்டுக்குப் போனதும் தனக்கு என்ன நடக்குதுன்னே பிடிபடாம, கோளாறு தன்கிட்டதான் இருக்குன்னு நினைச்சுக்கறாங்க. பார்க்கிற டாக்டருக்கும் அந்த நாட்டுக் கதை தெரியலன்னா அவரும் அதையே நோய்னு ஃபைல்ல எழுதி வச்சிடறாரு.

இங்கிலாந்துல அந்த ரேசிசம் பெரும்பாலும் அரசாங்கப் பேப்பர், ஆவணம் வழியா வரும். 1948 ஜூன் 22ல எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் டில்பரி துறைமுகத்துல ஆட்களை இறக்கினப்ப அதுல வந்த கரீபியன் மக்கள் பிரிட்டிஷ் பிரஜைகளாத்தான் வந்தாங்க, அந்த வருஷமே போட்ட சட்டமும் அதை உறுதி பண்ணுச்சு. போர் முடிஞ்ச நாடு, பஸ் ஓட்ட ஆள் வேணும், ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேணும், அந்த வேலையெல்லாம் இவங்க வந்து பார்த்தாங்க. அவங்க பிள்ளைங்க அம்மா அப்பா பாஸ்போர்ட்லயே வந்து இங்கயே படிச்சு வேலைக்குப் போய் வரி கட்டி வாழ்ந்தாங்க, 1973க்கு முன்னாடி வந்தவங்களுக்கு இங்கயே இருக்க உரிமை உண்டுன்னு சட்டம் சொல்லுச்சே தவிர கையில ஒரு பேப்பரும் குடுக்கல. 2012க்கு அப்புறம் வீடு வாடகைக்கு, வேலைக்கு, பேங்க் அக்கவுன்ட்டுக்கு, ஆஸ்பத்திரிக்குன்னு எல்லாத்துக்கும் இமிக்ரேஷன் பேப்பர் காட்டுன்னு ஆரம்பிச்சாங்க, அவங்க வந்து இறங்கினதுக்கு சாட்சியா இருந்த பழைய லேண்டிங் கார்டுகளை 2010லயே உள்துறை அழிச்சிடுச்சு. நீ இங்க இருந்தேங்கிறதுக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் ஆதாரம் கொண்டான்னு கேட்டா அறுபது வயசு ஆளு எங்க போவாங்க? 2018ல விஷயம் வெடிச்சு உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் ராஜினாமா பண்ணாங்க, அதுக்குள்ள வேலை போனவங்க, வீடு போனவங்க, சிகிச்சை கிடைக்காம நின்னவங்க எத்தனையோ பேர், குறைஞ்சது 83 பேரைத் தப்பா நாடு கடத்தியும் ஆச்சு.

அந்தச் சமயத்துல ஒரு அம்மா என்கிட்ட ரெஃபர் ஆகி வந்தாங்க. ஏழு வயசுல ஜமைக்காவுல இருந்து வந்தவங்க, ஸ்கூல் கேன்டீன்ல சமையல் வேலை பார்த்து ரிட்டயர் ஆகப்போற வயசு. கையில ஒரு கட்டைப்பை, அதை மடியை விட்டு இறக்கவே இல்ல. உள்ள ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு, பழைய சம்பளச் சீட்டு, பிள்ளைங்களுக்குத் தடுப்பூசி போட்ட அட்டை, சர்ச்ல ஞானஸ்நானம் குடுத்த சர்டிஃபிகேட், எல்லாத்தையும் வருஷவாரியா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வச்சிருந்தாங்க. முன்னாடி அவங்களைப் பார்த்த இடத்துல ஃபைல்ல எழுதியிருந்தது, "அரசாங்கம் தன்னை நாடு கடத்தப் போவதாகத் தொடர்ந்து நம்புகிறார், ஆதாரம் சேகரிப்பதில் மூழ்கியிருக்கிறார்", அதுக்கு ஒரு மாத்திரையும் ஆரம்பிச்சிருந்தாங்க. அந்தப் பைக்குள்ளயே கடிதம் இருந்துச்சு, நீங்க இந்த நாட்டுல இருக்க உரிமை இல்லாதவர்னு. ஒருத்தரும் அதை வாங்கிப் படிக்கல. அந்தம்மாவுக்குத் தேவைப்பட்டது மாத்திரை இல்ல, ஒரு வக்கீல். நாங்க மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தினோம், அட்வைஸ் சென்டர் மூலமா வக்கீல் பிடிச்சோம், இங்க இருக்க உரிமை உண்டுங்கிற கார்டு கைக்கு வந்த பிறகுதான் அவங்களுக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சு. ஆனா அந்தப் பையை மட்டும் இன்னும் அவங்க தூரப் போடல.

இப்படிப் பார்க்கத் தவறுறதோட மொத்தக் கணக்கும் இருக்கு. இங்கிலாந்துல மனநலச் சட்டத்துல கட்டாயமா அட்மிட் பண்றது, இங்க செக்‌ஷன் பண்றதுன்னு சொல்வோம், அது கறுப்பின மக்களுக்கு வெள்ளைக்காரங்களை விட மூணரைல இருந்து அஞ்சு மடங்கு வரைக்கும் அதிகம், வருஷத்துக்கு வருஷம் மாறும். ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர், மூலமா மெதுவா வர்றதை விட போலீஸ் கூட்டிட்டு வந்து விடறதும் இவங்களுக்குத்தான் அதிகம். 2010ல ஒலசேனி லூயிஸ்னு 23 வயசுப் பையன், உடம்பு சரியில்லன்னு தானா வந்தவன், சவுத் லண்டன்ல ஒரு மனநல ஆஸ்பத்திரிக்குள்ள 11 போலீஸ்காரங்க அமுக்கிப் பிடிச்சதுல மூளைக்கு ஆக்சிஜன் போகாம செத்துப்போனான். அவங்க அப்பா அம்மா வருஷக்கணக்கா போராடி, வார்டுல பலத்தைப் பயன்படுத்தறதைக் கட்டுப்படுத்த 2018ல சட்டம் வந்துச்சு, சேனி சட்டம்னுதான் எல்லாரும் சொல்றோம். பெரிய உருவமா ஒரு கறுப்பினப் பையன் பயந்து கத்தினா ஸ்டாஃப் கண்ணுக்கு அது பயமா தெரியாம மிரட்டலா தெரியுது, இதை நான் வார்டுல என் கண்ணால பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்குது.

பாரிஸ் பக்கம் இருந்து வந்த ஒரு தம்பி கதை இதுக்கு நேர் எதிர். காங்கோ வம்சாவளி, பிறந்து வளர்ந்ததெல்லாம் செயின் செயின்ட் டெனிஸ், லண்டன் வந்து டெலிவரி வேலை. எங்க ஃபார்ம்ல இனம் என்னன்னு டிக் அடிக்கச் சொன்னா அதிர்ந்து போயிட்டான், "இதை எதுக்குக் கேக்கறீங்க, யாருக்குக் குடுப்பீங்க"ன்னு. ஃபிரான்ஸ்ல சென்சஸ்ல அந்தக் கேள்வியே கிடையாது, குடியரசுக்கு முன்னாடி எல்லாரும் குடிமகன்தான், நிறம் பார்க்கமாட்டோம்ங்கிறது கொள்கை. கேக்க அழகாத்தான் இருக்கு. ஆனா அங்க உரிமைகள் பாதுகாவலர்னு இருக்கிற அரசு அமைப்பே 2017ல வெளியிட்ட சர்வேயில, கறுப்பாவோ அரபுக்காரனாவோ தெரியற இளைஞனைப் போலீஸ் நிறுத்தி ஐடி கேக்கறதுக்கு மத்தவங்களை விட 20 மடங்கு வாய்ப்புன்னு வந்துச்சு. எண்ணவே மாட்டேன்னு சொல்ற நாட்டுல உனக்கு நடக்கறதை நிரூபிக்கறது எப்படி? அதே 2017 டிசம்பர்ல ஸ்ட்ராஸ்பர்க்ல நவோமி முசெங்காங்கிற 22 வயசுப் பொண்ணு வயித்து வலி தாங்காம ஆம்புலன்ஸுக்கு போன் பண்றா, "செத்துடுவேன்"னு சொல்றா, எடுத்த ஆபரேட்டர் "எல்லாரையும் மாதிரி நீங்களும் ஒருநாள் சாகத்தான் போறீங்க"ன்னு கிண்டல் பண்ணி வச்சிட்டாங்க, அன்னிக்கே அந்தப் பொண்ணு இறந்துட்டா. ஆப்பிரிக்கா, அரபு நாட்டு வம்சாவளிக்காரங்க வலியைக் கூட்டிச் சொல்வாங்கன்னு ஃபிரெஞ்சு ஆஸ்பத்திரிகள்ல ரொம்ப காலமா ஒரு நம்பிக்கை இருக்கு, மெடிட்டரேனியன் சிண்ட்ரோம்னு அதுக்குப் பேரே வச்சிருக்காங்க.

இந்தத் தம்பி லண்டன்ல தெருவுல போலீஸைப் பார்த்தா ரெண்டு கையையும் பாக்கெட்டை விட்டு வெளிய எடுத்து, ஐடி கார்டை விரல் இடுக்குல ரெடியா வச்சுக்கிட்டுத்தான் நடப்பான். இங்க ஐடி கையில வச்சிருக்கணும்னு சட்டமே இல்லன்னு சொன்னேன், நம்பவே இல்ல. இங்கயும் நிறுத்தி சோதனை போடறதுல கறுப்பின மக்கள் நாலு மடங்கு அளவுக்கு மாட்டறாங்க, அதையும் மறைக்காம சொன்னேன். அதுக்கு அவன் சொன்னது, "பரவால்ல டாக்டர், இங்க அந்த நம்பரை நீங்களே வெளிய சொல்றீங்களே."

அமெரிக்கால இருந்து வந்தவங்களுக்கு இங்க முதல்ல கிடைக்கிறது ஒரு நிம்மதி, ரோந்து போற போலீஸ்காரர் இடுப்புல துப்பாக்கி இல்லங்கிறது ஒண்ணே போதும். அங்க நடந்த கொடுமை நமக்குத் தெரிஞ்சதுதான், என் துறை பண்ணினதும் சேர்த்து: 1851ல லூசியானாவுல கார்ட்ரைட்ங்கிற டாக்டர், அடிமைங்க தப்பிச்சு ஓடறதையே ஒரு மனநோய்னு பேர் வச்சு எழுதினாரு. ஆனா சில மாசம் போனதும் இவங்க இங்க தேட ஆரம்பிக்கறது வேற. அங்க அவங்களுக்குன்னு சர்ச் இருக்கு, ஹோவர்ட் மாதிரி 1867ல இருந்து வர்ற சொந்தக் காலேஜ் இருக்கு, நடந்ததை முகத்துக்கு நேரா சொல்றதுக்குப் பழகின பேச்சு இருக்கு. இங்கிலாந்து வேல்ஸ் சேர்த்து 2021 சென்சஸ்ல கறுப்பின மக்கள் 4 சதவீதம்தான், லண்டனைத் தாண்டிட்டா ஆபீஸ்ல ஒரே ஆளா உக்காந்திருப்பாங்க, எல்லாரும் மரியாதையா சிரிப்பாங்க, ஆனா ப்ரமோஷன் மட்டும் வராது.

அப்போ ஆள் எண்ணிக்கை இருந்தா போதுமான்னா, அதுவும் இல்ல, பிரேசிலைப் பாருங்க. 2022 சென்சஸ்ல தன்னைக் கறுப்புன்னு சொன்னவங்க 10.2 சதவீதம், கலப்புன்னு சொன்னவங்க 45.3, ரெண்டும் சேர்ந்தா பாதிக்கு மேல. நாங்க எல்லாரும் கலந்த ரத்தம், இங்க இனவெறியே கிடையாதுன்னு தலைமுறை தலைமுறையா சொல்லி வளர்த்த நாடு, ஆனா அமெரிக்க கண்டத்துலயே கடைசியா, 1888லதான், அடிமைமுறையை ஒழிச்சது அதுதான். அங்க சால்வடார் நகரத்துல வளர்ந்த ஒரு பொண்ணு சொன்னாங்க, ஃப்ரெண்டு வீட்டு பர்த்டேக்குப் புடிச்ச டிரஸ் போட்டுட்டுப் போனா வாட்ச்மேன் வேலைக்காரங்க லிஃப்டைக் காட்டினாராம். வீட்டுல வந்து அழுதா அம்மா "அவருக்குத் தெரியாம பண்ணியிருப்பார், நீ கலப்புப் பொண்ணு, கறுப்பு இல்ல"ன்னு சமாதானம் சொன்னாங்களாம். லண்டன் வந்து இங்க எல்லாரும் அவங்களைக் கறுப்பினப் பொண்ணுன்னே சொன்னப்பதான் அந்த லிஃப்ட் விஷயமே அவங்களுக்குப் பிடிபட்டுச்சு, பல வருஷம் கழிச்சு அந்தக் கோபம் ஒரேயடியா வந்து இறங்குச்சு. சென்னை அபார்ட்மென்ட்ல வீட்டு வேலைக்கு வர்ற அக்காவைத் தனி லிஃப்ட்ல அனுப்பறவங்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லன்னு நினைக்கிறேன்.

ஒரே வார்டுல வேலை பாக்கற ரெண்டு கறுப்பின நர்ஸுங்களுக்கு நடுவுலயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். ஒருத்தர் நைஜீரியாவுல இபாதான்ல சீனியர் நர்ஸா இருந்து வந்தவங்க. அங்க அவங்களை யொரூபா இனமா, எந்த சர்ச், யார் வீட்டுப் பொண்ணுன்னுதான் எடை போடுவாங்க, நிறத்தை வச்சு யாரும் ஒதுக்கினதே இல்ல. இங்க ஒரு பேஷன்ட் "உன் கை என் மேல படக்கூடாது"ன்னு சொன்னா, பாவம் வயசானவர்னு ஜெபம் பண்ணிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடுவாங்க. இன்னொருத்தர் லண்டன்ல லூவிஷம்ல பிறந்த ஜமைக்கா வம்சாவளி, அவங்க அம்மா தலைமுறைப் பிள்ளைங்களை 1960, 70கள்ல படிப்பு ஏறாதுன்னு முத்திரை குத்தி தனி ஸ்கூலுக்கு அனுப்பின கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவங்க, ஒரு பார்வையிலயே புரிஞ்சுக்குவாங்க. லூவிஷம் நர்ஸுக்கு, இபாதான் நர்ஸ் எல்லாத்தையும் முழுங்கறாங்கன்னு கோபம், இபாதான் நர்ஸுக்கு, லூவிஷம் நர்ஸ் எல்லாத்துக்கும் குறை சொல்றாங்கன்னு கோபம். ரெண்டு வருஷத்துல ரெண்டு பேருக்கும் தூக்கம் போச்சு, பிரஷர் ஏறிடுச்சு. யாரு சரின்னு தீர்ப்பு சொல்றது என் வேலை இல்ல, ஆனா முதல் ஆளுக்கு நடந்ததுக்கு ஒரு பேர் உண்டுன்னு மெதுவா சொல்லணும், ரெண்டாவது ஆள்கிட்ட ஒவ்வொரு தடவையும் நிரூபிக்கச் சொல்லிக் கேக்காம இருக்கணும்.

இதை நம்ம மக்களுக்காக எழுதறேன்னா காரணம் இருக்கு. பெங்களூர்ல 2016லயும், கிரேட்டர் நொய்டாவுல 2017லயும் ஆப்பிரிக்க மாணவர்களை கும்பலா சேர்ந்து அடிச்சது இந்தியாவுல, நம்ம கண் முன்னாடி. இங்க லண்டன்ல டூட்டிங், க்ராய்டன் பக்கம் நம்ம கடைக்குள்ள கறுப்பினப் பையன் வந்தா பின்னாடியே ஆள் நடக்கறதையும் நான் பார்த்திருக்கேன், அந்தப் பையங்க என் ரூம்ல உக்காந்து அதைச் சொல்றப்ப தலை நிமிர முடியல. அது போக நம்மள்ல எத்தனையோ பேர் இந்த நாட்டு ஆஸ்பத்திரிகள்ல டாக்டர், நர்ஸ், ஃபார்மசிஸ்ட்.

அவங்களுக்கு நான் கேட்டுக்கறது: முதல் நாளே "எந்த ஊர்"னு கேட்டு நிறுத்தாதீங்க, இந்த ஊர்லயே பிறந்தவங்களுக்கு அந்தக் கேள்வியே காயம். எங்க வளர்ந்தீங்க, ஸ்கூல்ல உங்களை மாதிரி எத்தனை பேர், இங்க வந்த பிறகு என்ன மாறுச்சுன்னு கேளுங்க. யாரோ பின்தொடர்றாங்க, வேலையில குறி வச்சிருக்காங்கன்னு சொன்னா பிரமைன்னு எழுதறதுக்கு முன்னாடி கையில இருக்கிற லெட்டரை வாங்கிப் படிங்க. விரல்ல மாட்டற ஆக்சிஜன் மீட்டர் கூட கறுப்புத் தோல்ல உண்மையை விட அதிகமா காட்டிடுதுன்னு 2020ல அமெரிக்க ஆய்வுல தெளிவா வந்துச்சு, மூச்சு வாங்குதுன்னு அவங்க சொன்னா மெஷினை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பாதீங்க.

உங்க ஃப்ரெண்டோ பக்கத்து வீட்டுக்காரரோ யாரையாவது இங்க செக்‌ஷன் 2லயோ 3லயோ கட்டாயமா அட்மிட் பண்ணியிருந்தா, தனியா ஒரு அட்வகேட் (கோர்ட் வக்கீல் இல்ல, அவங்களுக்காகப் பேசற உதவியாளர்) கேக்கற உரிமை அவங்களுக்கு உண்டு, காசு கிடையாது, அவர் ஆஸ்பத்திரி ஆள் இல்ல, பேஷன்ட் பக்கம் நிக்கறவர். வார்டு நர்ஸ்கிட்ட கேட்டாலே ஏற்பாடு பண்ணணும். செக்‌ஷன் 2ன்னா அந்த அட்மிஷன் சரியான்னு விசாரிக்கிற ட்ரிப்யூனலுக்கு அப்பீல் பண்ண முதல் 14 நாள்தான் டைம், அதனால பார்க்கப் போறப்ப ஆரஞ்சுப் பழத்தோட அந்தத் தேதியையும் குறிச்சு எடுத்துட்டுப் போங்க.