காலி நிலத்துக்கு வேலி எதற்கு?

இந்தத் தவணைத் தேர்விலும் அதே பதில்: "தென்னாப்பிரிக்காவின் தெற்கே வெள்ளைக்காரர்கள் வந்திறங்கிய காலத்தில்தான் கறுப்பின மக்களும் வடக்கிலிருந்து வந்தார்கள், அதுவரை நாடு காலியாகக் கிடந்தது." டர்பனில் நம் இந்திய மக்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வரலாறு நடத்தும் எனக்கு இதைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது. யார் சொன்னது என்றால், "தாத்தா" என்கிறார்கள். தாத்தா படித்தது நிறவெறி ஆட்சியின் பாடப்புத்தகம்.

காலியா? நாட்டின் வடகிழக்கே லைடன்பர்க்கில் கிடைத்த ஏழு சுடுமண் தலைகள் கி.பி. 500 வாக்கில் செய்தவை. வட எல்லையில் இருந்த பழைய ஆப்பிரிக்க அரசான மாபுங்குப்வேயின் தங்கக் காண்டாமிருகம் 13ஆம் நூற்றாண்டு. சரி, அதெல்லாம் வடக்கே என்பார்கள். 1593இல் நேட்டாலுக்குத் தெற்கே சாந்தோ அல்பெர்ட்டோ என்ற போர்த்துகீசியக் கப்பல் உடைந்தது. பிழைத்தவர்கள் நம் நேட்டால் வழியாகத்தான் வடக்கே நடந்தார்கள். செம்பைக் கொடுத்து மாடு வாங்கித் தின்றதாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆளே இல்லாவிட்டால் மாட்டை யார் விற்றது?

டச்சுக்காரரான வான் ரிபெக் 1652இல், இன்று கேப் டவுன் இருக்கும் கேப்பில் இறங்கினார். மேய்ச்சல் நிலத்துக்காக, அங்கே ஏற்கெனவே மாடு மேய்த்து வந்த கொய்கொய் மக்களோடு 1659இல் சண்டை மூண்டது. மறு வருஷமே அவர்களைத் தடுக்கக் காட்டு பாதாம் மரங்களால் வேலி வைத்தார். அதன் மிச்சம் இன்றும் கிர்ஸ்டன்போஷ் தோட்டத்தில் நிற்கிறது.

1830களில் உள்நாட்டுக்குப் போன போயர்கள் (டச்சு வழிவந்த வெள்ளை விவசாயிகள்) சில இடங்களை வெறிச்சோடிப் பார்த்தது உண்மைதான். சற்று முன்புதான் போர்களில் மக்கள் சிதறி ஓடியிருந்தார்கள். பூட்டிய வீடு புறம்போக்கு ஆகிவிடுமா?

இந்தக் கதைதான் சட்டங்களுக்கு நியாயம் கற்பித்தது. 1913 நிலச் சட்டம் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது நாட்டு நிலத்தில் சுமார் 7 சதவீதம். 1936இல் அது ஏறத்தாழ 13 ஆனது. "நீங்களும் வந்தேறிகளே" என்று சொல்லித்தான் பிறகு அவர்களை 'தாயகங்கள்' என்று ஒதுக்குப்புறங்களுக்குத் தள்ளினார்கள். இந்தியர்களான நம்மையும் 1961 வரை திருப்பி அனுப்ப வேண்டிய அந்நியர்களாகத்தான் வைத்திருந்தார்கள். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நிறவெறி ஆட்சியில் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. அந்த வீடுகளிலேயே இந்தக் கதையைக் கேட்கும்போது மனசு பொறுக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் வந்தால் அனுப்பாதீர்கள், அழியுங்கள். பழைய புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுக்குமுன் எந்த வருஷம் அச்சானது என்று பாருங்கள். தாத்தா பாட்டிமார்களே, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பேரப்பிள்ளை கேட்டால், "எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அது தப்பு" என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். நான் பத்துப் பாடம் நடத்துவதைவிட அது ஆழமாகப் பதியும்.