‘ஐடியாலஜி’க்குத் தமிழ் எது: கொள்கையா, சித்தாந்தமா, கருத்தியலா?

பேச்சில் ‘ஐடியாலஜி’ என்கிறோம். அதுவே மேடையில் ‘சித்தாந்தம்’, செய்தியில் ‘கொள்கை’, ஆய்வுக் கட்டுரையில் ‘கருத்தியல்’ என்று வருகிறது. நான்கையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் கொள்கையும் சித்தாந்தமும் ஒருவர் தெரிந்து ஏற்றுக்கொண்டதைக் குறிப்பவை. ஏற்பதா மறுப்பதா என்று யோசிக்கும் முன்பே ஒருவரின் பார்வையை வகுத்துவிடுகிற ஒன்றும் உண்டு. ஐடியாலஜி என்ற சொல்லின் கனம் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பொருந்துவது ‘கருத்தியல்’.

எது இயல்பு, எது முறை, யார் சொன்னால் கேட்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு சமூகத்தில் கேள்வியின்றி நிலவும் எண்ணங்கள், அவற்றைச் சுமக்கும் சொற்கள், வழக்கங்கள், நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்தது கருத்தியல். வெறும் நம்பிக்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதிகாரத்தில் இருக்கிறது. ‘தும்பி தாழப் பறந்தால் மழை வரும்’ என்பது நம்பிக்கை. சரியோ தவறோ, அதனால் யாரும் யாருக்கும் கட்டுப்படுவதில்லை. ‘பொறுத்துப் போவதுதான் பெண்ணுக்கு அழகு’ என்பது கருத்தியல். அதை நம்பினால் ஒருவருக்கு வசதி, இன்னொருவருக்கு இழப்பு. இழப்பவரே அதை மனமார நம்புவதும் உண்டு.

சொல் பிறந்த ஆண்டு 1796, ஊர் பாரிஸ். பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சிக் காலத்தில் சிறையில் இருந்து மீண்ட அந்துவான் தெஸ்துத் த திராசி என்ற தத்துவ அறிஞர், எண்ணங்கள் எப்படித் தோன்றுகின்றன என்று ஆராயும் துறைக்குப் பெயர் தேடினார். புலனுக்கு எட்டாதவற்றைப் பேசும் ‘மெட்டாபிசிக்ஸ்’ மீது அவருக்கு நம்பிக்கை இல்லை. ‘சைக்காலஜி’ (கிரேக்கத்தில் ‘சைக்கே’ ஆன்மாவைக் குறிக்கும்) என்றால் ஆன்மா என்று ஒன்று இருப்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அதையும் தள்ளினார். கிரேக்கத்தில் ‘இதேயா’ என்றால் தோற்றம், வடிவம். காண்பது என்னும் வினையிலிருந்து வந்தது. ‘லோகோஸ்’ என்றால் சொல், நியாயம், ஆய்வு. இரண்டையும் சேர்த்து ‘இதேயொலொஜி’ என்றார். புலன்வழி வரும் உணர்வுகளே எண்ணங்களுக்கு மூலம், அந்த மூலத்தை அறிந்தால் கல்வியையும் சட்டத்தையும் பகுத்தறிவின்படி அமைக்கலாம் என்பது அவர் திட்டம். 1801 முதல் 1815 வரை அவர் பகுதி பகுதியாக வெளியிட்ட பெருநூலில் இரண்டாம் பகுதி முழுவதும் இலக்கணம். எண்ணத்தை ஆராயப் புகுந்தவர் மொழியைத் தொடாமல் மேலே போக முடியவில்லை.

சொல்லை வசவாக்கியவர் நெப்போலியன். முதலில் திராசியோடும் அவரைச் சேர்ந்த அறிஞர்களோடும் நட்பாக இருந்தவர், ஆட்சி கைக்கு வந்ததும் அவர்களின் குடியரசுச் சிந்தனையை இடையூறாகக் கண்டார். 1803இல், பிரான்சின் தேசிய ஆய்வு நிறுவனத்தில் அவர்கள் இருந்த அறநெறி, அரசியல் ஆய்வுப் பிரிவையே கலைத்தார். 1812 டிசம்பரில், ரஷ்யாவில் தோற்றுத் திரும்பிய பிறகு, நாட்டின் துன்பங்களுக்கெல்லாம் இந்த ஐடியாலஜிதான் காரணம் என்று பழி சுமத்தினார். எதிரியிடம் இருப்பது ஐடியாலஜி, நம்மிடம் இருப்பது நடைமுறை அறிவு என்று பேசும் பழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

மார்க்சும் எங்கெல்சும் 1845–46இல் எழுதி, 1932இல்தான் முழுமையாக அச்சான கைப்பிரதியில் சொல் வேறு ஆழம் பெற்றது. ஆளும் வர்க்கத்தின் எண்ணங்களே அந்தந்தக் காலத்தின் ஆளும் எண்ணங்கள் என்றும், உலகம் கருத்தியலில் தலைகீழாகத் தெரிகிறது என்றும் அவர்கள் வாதிட்டார்கள். லெனினுக்கு வரும்போது அந்தக் கண்டனத் தொனி இல்லை. உழைப்பாளருக்கும் ஓர் ஐடியாலஜி உண்டு. சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் 1929இல் இன்னும் விரித்து, ஒவ்வொருவரின் சிந்தனையும் அவர் நிற்கும் சமூக இடத்தோடு கட்டுண்டது என்றார். ஆகவே இச்சொல்லைப் படிக்கும்போது எழுதியவர் எந்தப் பொருளில் எடுக்கிறார் என்று முதலில் பார்த்துவிட வேண்டும்: எண்ணங்களின் ஆய்வா, பொய்த்தோற்றமா, ஒரு குழுவின் உலகப் பார்வையா?

1970இல் பிரெஞ்சு மார்க்சியத் தத்துவ அறிஞர் லூயி அல்துசர் காட்டிய வழி தமிழருக்கு மிக நெருக்கமானது. தெருவில் காவலர் ‘ஏய், உன்னைத்தான்’ என்று கூப்பிடுகிறார், நடந்துபோகிறவர் திரும்புகிறார். திரும்பிய கணத்தில், அந்த அழைப்புக்கு உரியவன் நான் என்று அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். கருத்தியல் மனிதர்களை இப்படிக் கூப்பிட்டே தன் ஆட்களாக்கிக்கொள்கிறது என்றார் அவர். இதற்கு அவர் வைத்த ‘இன்டர்பெல்லேஷன்’ என்ற கலைச்சொல்லைத் தமிழில் தயங்காமல் ‘விளித்தல்’ எனலாம். தொல்காப்பியம் விளிமரபு என்று தனி இயலே வைத்திருக்கிறது.

தமிழில் விளியோடு இது நிற்பதில்லை, வினைமுற்றின் விகுதிக்குள்ளும் புகுந்துவிடுகிறது. ஒருவர் வந்ததைச் சொல்ல வேண்டுமானால் ‘வந்தான்’ அல்லது ‘வந்தார்’ என்று தரம் பிரித்தே ஆக வேண்டும். பேச்சுவழக்கில் இதைத் தவிர்ப்பது எளிதல்ல. ‘திருடன் ஓடினான், அதிகாரி தலைமறைவானார்’: இருவரும் எடுத்தது பிறர் பணம்தான். ‘வேலைக்காரி வந்தாள், முதலாளியம்மா வந்தார்’ என்று எழுதுகிறவர் யாரையும் இழிவுபடுத்த நினைத்திருக்க மாட்டார். நினைக்காமலே கை அப்படி எழுதிவிடுவதால்தான் அதைக் கருத்தியல் என்கிறோம். மொழிகள் எதைச் சொல்ல முடியும் என்பதில் பெரிதாக வேறுபடுவதில்லை, எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்தான் வேறுபடுகின்றன என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1959இல் எழுதினார். தமிழ் நம்மைச் சொல்லவைப்பது உயர்வு தாழ்வை.

அதே இலக்கணம் விடுதலைக்கும் கருவியாகும். ‘தாழ்ந்தோர்’ என்பது தன்வினை. தாமே கீழே இருப்பவர்கள் என்று படும். ‘தாழ்த்தப்பட்டோர்’ என்பது பிறவினையிலிருந்து வந்த செயப்பாட்டுவினை. அதைச் சொன்னவுடன் ‘தாழ்த்தியவர் யார்?’ என்ற கேள்வி எழுந்தே தீரும். இந்த ஒரு சொல்மாற்றத்தில் ஒரு பெரிய அரசியல் வாதம் அடங்கியிருக்கிறது. ‘கற்பழிப்பு’ போய் ‘பாலியல் வன்முறை’ வந்ததும் இதே வகை. முன்னது பாதிக்கப்பட்டவரிடம் எது அழிந்தது என்று பார்த்தது. பின்னது செய்தவரின் செயலைப் பார்க்கிறது. இன்னும் மாறாதவை ஏராளம். விடியுமுன் எழுந்து இரவு வரை வீட்டு வேலை செய்கிறவரைப் பற்றி ‘வேலைக்குப் போகவில்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’ என்கிறோமே, அந்தச் ‘சும்மா’ அவருடைய நாள் முழுவதையும் அழித்துவிடுகிறது.

இதை வைத்து, மொழி ஒரு சிறை, அதற்கு வெளியே யோசிக்கவே முடியாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கு ‘கொலுபோய்’, அடர்நீலத்துக்கு ‘சீனிய்’ என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. இந்த எல்லையின் இரு பக்கத்திலும் உள்ள நீலங்களை ரஷ்ய மொழியினர் விரைவாகப் பிரித்தறிந்தார்கள். ஆங்கிலம் பேசுவோரிடம் அந்த வேகம் இல்லை. ஆனால் மனத்துக்குள் எண்களை உருப்போடச் சொல்லி மொழியை வேறு வேலையில் மாட்டிவிட்டதும் ரஷ்ய மொழியினரின் வேகமும் மறைந்தது. மொழி பார்வையைச் சாய்க்கிறது, கண்ணைக் கட்டிவிடுவதில்லை. தனிமனிதச் சுதந்திரத்துக்கு இடம் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இனித் தமிழ்ச் சொற்கள். ‘கொள்கை’, ‘கோட்பாடு’ இரண்டுக்கும் வேர் ‘கொள்’. கொள்வது நாம். ‘குலஞ்சுடும் கொள்கை பிழைப்பின்’ என்னும் குறளில் (1019) கொள்கை என்பது ஒருவர் கடைப்பிடிக்கும் ஒழுக்கம். எனவே தேர்தல் அறிக்கைக்கும் அரசின் திட்டத்துக்கும் கொள்கை, விளக்கிக் காட்டும் கருத்துக் கட்டமைப்புக்குக் கோட்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். ‘சித்தாந்தம்’ வடசொல், ‘சித்த’ (நிறுவப்பட்ட), ‘அந்த’ (முடிவு) என்ற இரண்டும் சேர்ந்து ‘நிறுவப்பட்ட முடிவு’ என்று பொருள்படும். சைவ சித்தாந்தம் போல வாதித்து முடிந்த முடிபாக வைத்த நெறிக்கு அது மிகப் பொருத்தம். சொல்லப்படாமலே ஆளும் எண்ணங்களை அது எட்டாது.

‘கருத்தியல்’ என்பதில், ‘எழுது’ எழுத்தானதுபோல் ‘கருது’ கருத்தாகிறது. ‘இயல்’ என்பதற்குத் துறை என்றும் (உளவியல், சமூகவியல்) தன்மை என்றும் (இயல்பு) இரு பொருள். துறை என்று கொண்டால் திராசி சொன்னது. தன்மை என்று கொண்டால் மார்க்சுக்குப் பின் வந்தது. மூலச்சொல்லின் இரு பிறவியையும் தாங்குவதால் இதையே பரிந்துரைக்கிறோம். இலங்கைத் தமிழ் ஆய்வெழுத்தில் வழங்கும் ‘கருத்துநிலை’யும் நல்ல சொல்தான், ‘இயல்’ என்றாலே துறை என்று தோன்றும் மயக்கம் அதில் இல்லை. ஆனால் ‘கருத்தியலாளர்’, ‘கருத்தியல் போராட்டம்’ என்று அடுத்தடுத்த சொற்களை ஆக்கக் கருத்தியலே இலகு.

எழுதும்போது அடிக்கடி நேரும் பிழைகள் சில. ‘என் கருத்தியல் என்னவென்றால், இந்தப் பாலத்தை அகலப்படுத்த வேண்டும்’ என்பது தவறு. அது கருத்து மட்டுமே. தத்துவத்தில் பொருளைவிடக் கருத்தே முதன்மை என்னும் நிலைப்பாட்டுக்குப் பெயர் ‘கருத்துமுதல்வாதம்’. அதையும் இதையும் குழப்பினால் கட்டுரையே கவிழ்ந்துவிடும். ‘வெறும் கருத்தியல் அளவில்’ என்று, நடைமுறைக்கு வராதது என்ற பொருளில் எழுதுகிறார்கள். அந்த இடத்தில் ‘ஏட்டளவில்’ போதும். ஐயம் வந்தால், சொல்லை எடுத்துவிட்டு ‘யாரும் கேட்காமலே சரியென்று கொள்ளப்படுவது’ என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் நின்றால் கருத்தியல் சரி. நிற்காவிட்டால் கொள்கை அல்லது கருத்து.

இதன் தோழச் சொல்லான ‘ஹெஜிமனி’க்கு இன்னும் நல்ல தமிழ் அமையவில்லை. முசோலினியின் சிறையிலிருந்து இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி எழுதிய குறிப்பேடுகளில் அது, தடியால் அடக்குவதைவிட, ஆளப்படுவோரின் ஒப்புதலைப் பெற்று ஆள்வதையே முக்கியமாகக் குறிக்கிறது. ‘மேலாதிக்கம்’ என்றால் தடி மட்டும் தெரிகிறது, ஒப்புதல் தெரியவில்லை. ‘மேலாண்மை’ என்றால் அலுவலக நிர்வாகம் நினைவுக்கு வருகிறது. இப்போதைக்கு ‘கருத்தியல் மேலாதிக்கம்’ என்று இரு சொல்லாக எழுதி, முதல்முறை வரும் இடத்தில் ‘ஒப்புதலோடு கூடியது’ என்று விளக்கிவிடுவது நல்லது.