ஜூக்பாக்ஸ் மியூசிக்கல்: பெட்டியிலிருந்து கோவைக்கு

புதுப் படத்தின் பாடல்கள் வெளியானதும், எல்லாப் பாட்டையும் ஒரே காணொளியாக அடுக்கி 'ஜூக்பாக்ஸ்' என்ற தலைப்பில் யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். அதனால் இந்தச் சொல் தமிழ்க் காதுக்குப் புதிதில்லை. ஒரு படத்தின் மொத்தப் பாட்டுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் அது. ஆனால் அமெரிக்காவில் அது ஒரு பெட்டியின் பெயர். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால், வேண்டிய பாட்டை மட்டும் எடுத்துப் பாடும் பெட்டி. அந்தப் பெட்டியின் பெயர் நாடகத்தோடு ஒட்டிக்கொண்டு பிறந்ததுதான் 'ஜூக்பாக்ஸ் மியூசிக்கல்'. நாடகத்துக்கென்று புதுப்பாட்டு எழுதாமல், மக்கள் ஏற்கெனவே அறிந்து பாடிவரும் பாடல்களை எடுத்து, அவற்றைச் சுற்றிக் கதை கட்டி மேடையேற்றும் இசை நாடகம் என்பது இதன் பொருள்.

எடுத்துக்காட்டாக ஒரு நாடகத்தைச் சொல்கிறேன். 1992 பிப்ரவரி 19 அன்று நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில், ஷூபர்ட் அரங்கில் 'கிரேஸி ஃபார் யூ' தொடங்கியது. பாடல்கள் கெர்ஷ்வின் சகோதரர்களுடையவை: மெட்டு ஜார்ஜ், வரிகள் ஐரா. ஜார்ஜ் 1937இல் 38 வயதிலேயே இறந்துவிட்டார். ஐராவும் 1983இல் மறைந்தார். படைத்த இருவரும் இல்லாத காலத்தில், அவர்களுடைய பாட்டுகளுக்குக் கென் லுட்விக் புதுக் கதை எழுதினார். 1930இல் அதே சகோதரர்கள் இசையமைத்த 'கேர்ள் கிரேஸி' என்ற நாடகம்தான் அடித்தளம். ஆனால் கதையில் பெரும்பகுதி புதிது. 'கேர்ள் கிரேஸி' 272 முறை நடந்தது. புதிய நாடகம் 1996 ஜனவரி வரை 1,622 முறை நடந்தது. சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதும் அதற்குக் கிடைத்தது.

கதை எளிது. நியூயார்க் வங்கிக் குடும்பத்துப் பையன் பாபி. அவனுக்கு ஆட்டத்தின்மேல்தான் உயிர். கடன் கட்டாத ஓர் அரங்கத்தைக் கைப்பற்றி வா என்று அவனை நெவாடா பாலைவனத்தில் இருக்கும் டெட்ராக் என்ற ஊருக்கு அனுப்புகிறார்கள். போன இடத்தில் அந்த அரங்கத்துக்காரரின் மகள் பாலியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அரங்கத்தைக் காப்பாற்ற, ஸாங்லர் என்னும் பெரிய நாடக முதலாளியாக வேடம் போட்டு வருகிறான். பாலி அந்த வேடத்தையே காதலிக்கத் தொடங்குகிறாள். பிறகு உண்மையான ஸாங்லரும் ஊருக்கு வந்து சேர்கிறார். மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'ஜூக்' ஆங்கிலச் சொல் அல்ல. தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலோரத் தீவுகளில் 'கல்லா' என்றொரு மக்கள் வாழ்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் மொழியில் 'ஜூக்' என்றால் கட்டுக்கடங்காத, ஆர்ப்பாட்டமான என்று பொருள். அதன் வேர் மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப், பம்பாரா மொழிகளில் இருக்கிறது என்பது மொழியறிஞர் லொரென்ஸோ டௌ டர்னரின் முடிவு. கல்லா மொழியில் உள்ள ஆப்பிரிக்கச் சொற்களைத் தேடித் தொகுத்து 1949இல் அவர் நூலாக வெளியிட்டார். அதுவரை அந்த மொழியைச் சிதைந்த ஆங்கிலம் என்றே பலர் தள்ளி வைத்திருந்தார்கள். ஒரு மக்களின் பேச்சுக்கு அவர் மீட்டுக் கொடுத்த மதிப்பு பெரிது.

பகலெல்லாம் வயலிலும் மரத் தொழிலிலும் உழைத்த கறுப்பின மக்கள், இரவில் கூடிக் குடித்து, ஆடி, பாடிய சிறு கொட்டகைகளுக்கு 'ஜூக்' என்று பெயர். வெள்ளையர் நடத்திய கூடங்கள் அவர்களுக்கு மூடியிருந்த காலம் அது. இசை என்று பார்த்தால் அமெரிக்காவிலேயே முக்கியமான இடம் இந்த ஜூக்தான் என்று எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1934இல் எழுதினார். அது மிகையில்லை. புளூஸ் என்னும் கறுப்பின மக்களின் இசை வளர்ந்த வீடுகளில் அதுவும் ஒன்று.

காசு போட்டால் பாடும் பெட்டி இந்தப் பெயருக்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1889 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மதுக்கூடம் ஒன்றில், லூயிஸ் கிளாஸ் என்பவர் எடிசனின் ஃபோனோகிராஃப் என்னும் ஒலிப்பதிவுக் கருவியில் காசு விழும் பொறியைப் பொருத்தி வைத்தார். ஐந்து சென்ட் நாணயம் போட்டுவிட்டு, குழாயைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். பிறகு மின்சார ஒலிபெருக்கி வந்தது. பெட்டி ஒரு கூடத்துக்கே கேட்கும்படி பாடியது. வாத்தியக்காரரை அமர்த்த வசதியில்லாத ஜூக் கொட்டகைகளுக்கு அது வரமாக அமைந்தது. 1940ஐ ஒட்டி 'ஜூக்பாக்ஸ்' என்ற சொல் நாடெங்கும் பரவியது. பெட்டி செய்த நிறுவனங்களுக்கு அந்தப் பெயர் முதலில் பிடிக்கவில்லை. ஜூக் என்றாலே மட்டமான இடம் என்ற எண்ணம் அவர்களுக்கு. 'தானியங்கி ஃபோனோகிராஃப்' என்றே சொல்லிப் பார்த்தார்கள். மக்கள் விடவில்லை. 1946இல் வந்த வுர்லிட்ஸர் 1015 என்ற பெட்டி, 24 இசைத்தட்டுகளோடும் வண்ண விளக்குகளோடும் 56,000க்கு மேல் விற்றது. இன்று ஜூக்பாக்ஸ் என்றதும் பலர் மனத்தில் தோன்றும் வளைந்த மேல்முகம் அதனுடையதுதான்.

'மியூசிக்கல்' பெயரடையாக இருந்து பெயராக மாறிய சொல். முழுப்பெயர் 'மியூசிக்கல் காமெடி'. 1893இல் லண்டனில் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் மேடையேற்றிய 'எ கெயிட்டி கேர்ல்' அந்தப் பெயரோடு வந்து புகழ்பெற்ற தொடக்க நாடகங்களில் ஒன்று. நாளடைவில் 'காமெடி' உதிர்ந்து, 'மியூசிக்கல்' மட்டும் நின்றது. 'கிரேஸி ஃபார் யூ' தன்னை விளம்பரப்படுத்தியபோது அந்தப் பழைய முழுப்பெயரையே எடுத்துக்கொண்டது: 'புதிய கெர்ஷ்வின் மியூசிக்கல் காமெடி'. ஜூக்பாக்ஸ் என்ற சொல்லை அது தொடவில்லை. 1999இல் லண்டனில் ஸ்வீடனின் ஆபா பாப் குழுவின் பாடல்களை வைத்து 'மம்மா மியா' வந்து பெருவெற்றி பெற்ற பிறகுதான் அந்தப் பெயர் எங்கும் புழங்கத் தொடங்கியது. அதிலும் கொஞ்சம் இளக்காரம் கலந்தே.

'காமெடி' என்ற கிரேக்கச் சொல்லுக்குள்ளேயே பாட்டு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 'கோமோஸ்' என்றால் களியாட்ட ஊர்வலம். அதோடு பாடுபவரைக் குறிக்கும் சொல் சேர்ந்து பிறந்தது அது. ஆக 'மியூசிக்கல் காமெடி' என்பதில் பாட்டு இரண்டு முறை வருகிறது. காமெடியை 'நகைச்சுவை நாடகம்' என்று மட்டும் தமிழாக்கினால் போதாது. சிக்கலெல்லாம் அவிழ்ந்து மகிழ்ச்சியில் முடிவது என்ற பொருளும் அதில் உண்டு. துன்பியலுக்கு எதிராக 'இன்பியல்' என்று நம் பேராசிரியர்கள் வழங்கும் சொல் அதைச் சரியாகப் பிடிக்கிறது. சிரிப்பின் கூறுகளும் நமக்குப் புதியவை அல்ல. 'எள்ளல் இளமை பேதைமை மடன்' என்று நகைக்கு நான்கு நிலைக்களன் வகுத்தது தொல்காப்பியம். பிறர் சொன்னதை அப்படியே பற்றிக்கொண்டு விடாதிருத்தலை மடன் என்பார்கள். ஒட்டுத்தாடியை உண்மையென்று நம்பிக் காதலிக்கும் பாலியிடம் இருப்பது அதுதான்.

மியூசிக்கல் என்பதற்கு 'இசை நாடகம்' நல்ல சொல். சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் ஊறிய சொல். பெரும்பாலும் பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய ஓபராவையும் சிலர் அப்படிச் சொல்வதால் குழப்பம் வரும். ஓபராவை ஓபரா என்றே விட்டுவிடலாம். மியூசிக்கலில் ஆட்டமும் உண்டே, 'நாடகம்' அதைச் சொல்லுமா என்று கேட்பவர்களுக்குச் சிலம்பின் பதிகம் பதில் சொல்கிறது. மாதவியை 'நாடகம் ஏத்தும் நாடகக் கணிகை' என்கிறது அது. அங்கே நாடகம் என்றால் ஆடல்தான். இத்தகைய நாடகத்தில் பாட்டு நீங்கலான கதை, உரையாடல் பகுதியை ஆங்கிலத்தில் 'புக்' என்கிறார்கள். அதை 'நூல்' என்று மொழிபெயர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். நம் திரைப்படத் தலைப்புகளிலேயே அதற்குச் சொல் இருக்கிறது: கதை வசனம். லுட்விக் எழுதியது கதை வசனம்.

இனி 'ஜூக்பாக்ஸ்'. நேராகப் பார்த்தால் 'காசுப் பாட்டுப் பெட்டி'. பெட்டிக்கு அது பொருந்தும். ஆனால் 'பாட்டுப் பெட்டி நாடகம்' என்றால் என்ன தோன்றுகிறது? மேடையில் ஒரு பெட்டி இருக்கிறது, அல்லது ஒலிப்பதிவைப் போட்டு ஆடுகிறார்கள் என்றுதான் தோன்றும். ஆங்கிலச் சொல்லின் குறையும் இதுவே. பாட்டு எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்கிறது. பாட்டை வைத்து என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. உழைப்பு முழுவதும் அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

'சம்வன் டு வாட்ச் ஓவர் மீ' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் முதலில் அதை வேகமான ஆட்ட மெட்டாகத்தான் போட்டார். ஒருநாள் மெதுவாக வாசித்துப் பார்த்தபோதுதான், அது ஏங்கும் பாட்டு என்று சகோதரர்களுக்குப் புரிந்தது. 1926இல் 'ஓ, கே!' என்ற நாடகத்தில், சாராயக் கடத்தலைச் சுற்றி நடக்கும் கதையில், நடிகை கெர்ட்ரூட் லாரன்ஸ் ஒரு துணிப்பொம்மையைப் பார்த்துப் பாடினார். 'கிரேஸி ஃபார் யூ'வில் அதே வரிகளைப் பாலைவன ஊரில் பாலி தனியே நின்று பாடுகிறாள். தன்னைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்ற அந்த ஏக்கம், பொட்டல்வெளியில் நிற்கும் ஒரு பெண்ணின் வாயில் வரும்போது கனக்கிறது. ஓர் எழுத்தும் மாறவில்லை. இடம் மாறியது, பொருள் மாறியது. 1937இல் ஒரு படத்தில் நடிகர் ஃபிரெட் அஸ்டெர் படகில் பாடிய 'தே கான்ட் டேக் தட் அவே ஃப்ரம் மீ'யும் அப்படியே. இங்கே பாபி ஊரைவிட்டுப் போகும்போது பாலியிடம் பாடும் விடைபெறும் பாட்டாகிவிடுகிறது. முதற்பாதியின் முடிவில் 'ஐ காட் ரிதம்' வரும்போது சூசன் ஸ்ட்ரோமன் அமைத்த ஆட்டத்தில் சுரங்க ஊரின் கருவிகளும் தகரமும் தாளக்கருவிகளாகின்றன. பழைய பாட்டுக்குப் புதிய ஊரின் ஓசை ஏறிவிடுகிறது.

இதை நம் மேடையின் 'வர்ண மெட்டு' வழக்கத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே தெரிந்த மெட்டுக்குப் புது வரி எழுதுவார்கள். 1728இல் லண்டனில் ஜான் கே எழுதி மேடையேறிய 'பிச்சைக்காரர் ஓபரா'வும் அதே முறைதான்: தெருவில் பாடிய மெட்டு, புது வரி, 62 நாள் ஓட்டம். ஜூக்பாக்ஸ் மியூசிக்கலில் மெட்டும் வரியும் பழையவை. கதை மட்டும் புதிது.

தனித்தனியே கிடந்தவற்றைக் கதை வரிசையில் கோக்கும் செயலுக்குத் தமிழில் பெயர் உண்டு. கோவை. சங்க அகப்பாட்டுகள் ஒவ்வொன்றும் தனிக்காட்சி. தலைவி யார், முன்பு என்ன நடந்தது என்று பாட்டு சொல்லாது. தொகுத்தவர்களும் அவற்றை ஒரே கதையாக்கவில்லை. அதனால் அவை 'தொகை'. பின்னால் வந்த கோவை நூல்கள் அத்தகைய அகத்துறைகளைக் காட்சி தொடங்கி, களவு, கற்பு என்று ஒரு காதலின் வளர்ச்சியாக வரிசைப்படுத்தின. திருக்கோவையாரின் 400 பாட்டும் அப்படிக் கோத்தவை. கோவையில் பாட்டுகள் புதியவை என்பது வேறுபாடுதான். ஆனால் தனிநின்றும் பொருள் தரும் பாட்டு, வரிசையில் நின்று கதையும் சொல்வது இரண்டுக்கும் பொது. அதனால் 'பாட்டுக்கோவை நாடகம்' என்று சொல்லலாம் என்பது என் முடிவு. கோவை என்றதும் ஊர் நினைவுக்கு வரும் என்ற தயக்கம் வேண்டாம். முன்னால் பாட்டு நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

இந்தச் சொல்லைத் தேடும்போது ஒரு செய்தி மனத்தைத் தொட்டது. 1934 கோடையில், 'போர்கி அண்ட் பெஸ்' ஓபராவுக்காக ஜார்ஜ் கெர்ஷ்வின் தென் கரோலினாவின் ஃபாலி தீவில் போய்த் தங்கினார். அருகிலிருந்த ஜேம்ஸ் தீவில் கல்லா மக்களின் வழிபாட்டுக் கூட்டங்களில் உட்கார்ந்து, அவர்களுடைய பாட்டையும் காலடித் தாளத்தையும் கேட்டார். கூடச் சேர்ந்து தாளமும் போட்டார். 'ஜூக்' என்ற சொல்லை வைத்திருந்த அதே மக்கள். அவருடைய பாட்டுகளைக் கோத்த நாடக வகைக்குப் பின்னாளில் அவர்கள் சொல்லே பெயராக வந்து நின்றது. ஆகவே ஜூக்பாக்ஸ் என்ற சொல்லை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அதன் வரலாற்றைப் பேசும்போது அப்படியே எழுதுவோம். நாடக வகையைக் குறிக்கும்போது தமிழில் சொல்வோம்.

கோவை என்று எடுத்துக்கொண்டால் இன்னொரு பயனும் கிடைக்கிறது. 1978இல் ஜாஸ் இசைக்கலைஞர் ஃபேட்ஸ் வாலரின் பாடல்களை வைத்து பிராட்வேயில் வந்த 'ஏன்ட் மிஸ்பிஹேவின்' போன்றவற்றில் பாட்டும் ஆட்டமும் உண்டு, தொடர்கதை இல்லை. ஆங்கிலத்தில் அதை 'ரெவ்யூ' என்பார்கள். ஜூக்பாக்ஸ் என்ற ஒரே பெயருக்குள் சிலர் இதையும் போட்டுவிடுகிறார்கள். தமிழில் பிரித்துச் சொல்ல முடியும்: கதையில் கோத்திருந்தால் பாட்டுக்கோவை நாடகம், கோக்காமல் அடுக்கியிருந்தால் பாட்டுத்தொகை. 'கிரேஸி ஃபார் யூ' பற்றி எழுதுகிறவர் 'இன்பியல் பாட்டுக்கோவை நாடகம்' என்று எழுதலாம்.